பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் புதுக் கொன்வேட்டர்: வேகம் கூடுமா?

வாகனம் – வாசகர் கேள்வி பதில்

இம்முறை திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்த கேள்விகளில் பல ஒரே பாகத்தைப் பற்றியவை: எக்ஸோஸ்ட் குழாயில் இருந்து புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டர். அவற்றைச் சேர்த்தே பதில் தருகிறோம்.

கேள்வி: என்னிடம் 1991ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர் இருக்கிறது. 1.6 லீற்றர் எஞ்சின், கியர் கார். ஊருக்குள் ஓட ஒரு குறையும் இல்லை. கந்தளாய் வீதியில் ஒரு பஸ்ஸை முந்தப் போனால் நிமிடத்துக்கு 4,500 சுற்றுக்கு மேல் இழுவை செத்துப்போகிறது. வாயுவை இலகுவாக விடும் ‘ஹைஃப்ளோ’ கற்றலிற்றிக் கொன்வேட்டர் போட்டால் 15 குதிரைவலு கூடும் என்கிறார்கள் கராஜில். நண்பர் ஒருவர் கொன்வேட்டரையே கழற்றிவிட்டு நேர்க்குழாய் ஒட்டச் சொல்கிறார். எதைச் செய்யலாம்? – உவர்மலை வாசகர்

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். உங்கள் கார் இருந்த பலத்தை இழந்திருக்கிறது. கராஜ்காரர் பேசுவது இல்லாத பலத்தைக் கூட்டுவது பற்றி. இழந்தது எங்கே போனது என்று தெரியாமல் புதிய சாமான் வாங்கினால், அந்தச் சாமானும் சில மாதத்தில் பழுதாகும்.

நல்ல நிலையில் உள்ள கொன்வேட்டர் பலரும் நினைப்பதுபோல எஞ்சினின் கழுத்தை நெரிப்பதில்லை. உள்ளே இருப்பது தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி. சதுர அங்குலத்துக்குப் பொதுவாக 400 துளைகள். துளைச் சுவர்களில் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் மெல்லிய பூச்சாக இருக்கும். 50 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள குழாயின் பரப்பு ஏறத்தாழ 1,960 சதுர மில்லிமீற்றர். 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள கட்டியின் முகப்பில் 70 வீதம் திறந்திருந்தால் அது 5,500 சதுர மில்லிமீற்றர். குழாயைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். நுண்துளைகளில் உரசல் உண்டு, அதனால் கொஞ்சம் அழுத்தம் கூடத்தான் செய்யும். ஆனாலும் டேர்போ இல்லாத 1.6 எஞ்சினில் நல்ல கொன்வேட்டரை எடுத்துவிட்டு ஹைஃப்ளோ போட்டால் உச்சச் சுற்றில் ஓரிரண்டு குதிரைவலு கிடைக்கலாம். அதே காரை, பலத்தை அளக்கும் டைனோவில் இரு தடவை ஏற்றினாலே அந்த அளவு வித்தியாசம் வரும். புதிதாக வந்தபோது 120 குதிரைவலு இருந்த எஞ்சினுக்கு இந்த ஒரு பாகத்தால் 15 கூடும் என்றால் நம்பாதீர்கள்.

அடைபட்ட கொன்வேட்டர் என்றால் கதை வேறு. அது 15 என்ன, 40 குதிரைவலுவையும் விழுங்கும். குறைந்த சுற்றில் வாயு குறைவாக வருவதால் ஒன்றும் தெரியாது. சுற்று ஏற ஏற வெளியே போக வழியின்றிச் சிலிண்டருக்குள்ளேயே தேங்கும். நீங்கள் எழுதியிருக்கும் குணம் அதற்குப் பொருந்துகிறது. ஆனால் சோர்ந்த பெற்றோல் பம்ப், அடைத்த பெற்றோல் பில்டர், கசியும் பிளக் வயர் ஆகியவையும் இதே குணத்தைக் காட்டும். எனவே சோதித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

முதலில் எஞ்சின் ஆறியிருக்கும்போது இறப்பர்ச் சுத்தியலால் கொன்வேட்டரின் வயிற்றில் மெல்லத் தட்டுங்கள். உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் கட்டி உடைந்திருக்கிறது. மேற்கொண்டு சோதனையே தேவையில்லை. வெளியே வெப்பத் தகடு ஆடினாலும் அப்படித்தான் கேட்கும் என்பதால் அதைக் கையால் பிடித்துக்கொண்டு தட்டுங்கள்.

சத்தம் இல்லையென்றால் வெற்றிட மானி. எஞ்சினுக்குள் காற்றுப் போகும் இன்டேக் மனிபோல்டில் உள்ள ஒரு சிறு குழாயில் இணைத்து எஞ்சினைச் சூடாக்குங்கள். ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (இரச அளவு) வரை காட்டுவது வழமை. பிறகு 2,500 சுற்றில் ஒரு நிமிடம் பிடியுங்கள். முள் ஒரு கணம் இறங்கி, பழைய இடத்துக்கோ அதற்குச் சற்று மேலோ வந்து நின்றால் பாதை திறந்திருக்கிறது. நேரம் போகப் போக முள் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனால் எங்கோ அடைப்பு.

உறுதியான தீர்ப்புத் தருவது எதிரழுத்தச் சோதனைதான். கொன்வேட்டருக்கு முன்னால் இருக்கும் ஒட்சிசன் சென்சரைக் கழற்றி, அதன் 18 மில்லிமீற்றர், 1.5 புரி கொண்ட துளையில் ஓர் அடப்டரைப் பூட்டி, சதுர அங்குலத்துக்கு 0 முதல் 15 இறாத்தல் வரை அழுத்தம் காட்டும் மானியை இணைக்க வேண்டும். அடப்டரையும் மானியின் இறப்பர்க் குழாயையும் நேரே தொடுக்காமல் இடையில் ஓரடி செப்புக் குழாய் கொடுங்கள். இல்லாவிட்டால் இறப்பர் உருகிவிடும். ஐடிலில் ஒன்றரை இறாத்தலுக்குக் கீழும், 2,500 சுற்றில் 3 இறாத்தலுக்குக் கீழும் இருந்தால் நல்லது. கூடினால் கொன்வேட்டரின் பின் பிளாஞ்சைத் தளர்த்தி, சைலன்சர் பக்கத்தைப் பிரித்துவிட்டு மீண்டும் பாருங்கள். அழுத்தம் விழுந்துவிட்டால் குற்றவாளி கொன்வேட்டர் அல்ல, சைலன்சர். இந்தக் கடைசிப் படியைத் தவறவிட்டுவிட்டு நல்ல கொன்வேட்டரைக் கழற்றுவது சாதாரணமாக நடக்கிறது.

வெப்பமானித் துப்பாக்கியை மட்டும் நம்பி முடிவுக்கு வராதீர்கள். வேலை செய்யும் கொன்வேட்டரின் வெளிவாய் உள்வாயைவிடச் சூடாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கருவி குழாயின் வெளித்தோலைத்தான் அளக்கிறது. எஞ்சின் நன்றாக எரிக்கும் காரில் வித்தியாசமும் சொற்பமே. அதைவிட, ‘செத்த’ கொன்வேட்டரும் ‘அடைத்த’ கொன்வேட்டரும் ஒன்றல்ல. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல்தான் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் இறக்குமதியாகி அந்தப் பெற்றோலில் ஓடிய காரில் ஈயம் பூச்சை மூடியிருக்கும். அப்படிச் செத்த கொன்வேட்டர் புகையைச் சுத்தமாக்காது, ஆனால் வாயுவைத் தாராளமாக விடும். அதை மாற்றினால் புகை குறையும், வேகம் கூடாது.

அடைத்திருப்பது உறுதியானால், புதியதை வாங்குமுன் பழையது ஏன் அடைத்தது என்று பார்க்க வேண்டும். கொன்வேட்டர் தானாகச் சாவது அரிது. உங்கள் எஞ்சினில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பிளக் வயர். ஒரு சிலிண்டர் பற்றாமல் விட்டால் அந்தப் பெற்றோல் அப்படியே கொன்வேட்டருக்குள் போய் அங்கே எரியும். பீங்கான் உருகி ஒட்டிக்கொள்வது இதனால்தான். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டு வயர்களில் மெல்லத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். நீலப் பொறி தெரிந்தால் நான்கையும் மாற்றுங்கள். பிளக் இடைவெளி 1.1 மில்லிமீற்றர். இக்னிஷன் டைமிங் (பிளக் பொறி விழும் நேரம்) 10 பாகையில் நிற்கிறதா என்று டைமிங் லைற்றால் பாருங்கள். பார்க்கும்போது எஞ்சின் அறையிலுள்ள சோதனைப் பெட்டியில் ‘ரென்’ (TEN), ‘கிரவுண்ட்’ (GND) இரண்டையும் இணைத்திருக்க வேண்டும். இந்த ஒரு சரிப்படுத்தலே பல பழைய ரோட்ஸ்டர்களில் ஹைஃப்ளோவைவிடக் கூடுதல் பலம் தந்துவிடும்.

அடுத்தது ஒட்சிசன் சென்சர். சூடான எஞ்சினில் அதன் வோல்ற்றளவு 0.1க்கும் 0.9க்கும் இடையில் விடாமல் ஏறி இறங்க வேண்டும். 0.8இலேயே நின்றால் கலவை கனத்திருக்கிறது, அதாவது பெற்றோல் கூடிவிட்டது: தண்ணீர் வெப்ப சென்சர், கசியும் இன்ஜெக்டர், காற்றளவு மானியின் தகடு இவற்றைப் பாருங்கள். எக்ஸோஸ்ட் மனிபோல்ட் காஸ்கெட்டில் சிறு கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு, கலவை மெலிந்துவிட்டது என்று சென்சர் தவறாகச் சொல்லும். கொம்பியூட்டர் மேலும் பெற்றோலை ஊற்றும். ஒயில் எரிக்கும் எஞ்சின் என்றால் ஒயிலிலுள்ள பொஸ்பரஸ் பூச்சின்மேல் படிந்து அதைக் கொல்லும். சாதாரண சிலிக்கன் பசையால் கேஸ்கெட் ஒட்டியிருந்தாலும் அதன் ஆவி சென்சரைக் கெடுக்கும்; ‘சென்சர் சேஃப்’ என்று போட்ட பசையையே கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவும் சரியான பின் உங்கள் பாவனைக்கு நாங்கள் சொல்வது 400 துளைப் பீங்கான் கொன்வேட்டர், பழையது இருந்த அதே இடத்தில், 50 முதல் 55 மில்லிமீற்றர் வாயுடன். 200 துளை உலோகக் கட்டி வாயுவைச் சற்று இலகுவாக விடும், அதிர்வையும் தாங்கும். ஆனால் பூச்சின் பரப்புக் குறைவு. மலிவான தயாரிப்பில் விலையுயர்ந்த உலோகம் பெயருக்குத்தான் இருக்கும். சைலன்சர் முதல் வால் வரை எல்லாம் பழைய அளவிலேயே இருக்கும்போது நடுவில் மட்டும் 63 மில்லிமீற்றர் பூட்டுவதால் பயனில்லை.

பூட்டும் வேலையைப் பற்றி. முதல் நாள் இரவே எல்லா போல்ட்டுக்கும் துருக்கழற்றும் எண்ணெய் ஊற்றி விடுங்கள். கார் நன்றாக ஆறிய பின், ஜக்கை மட்டும் நம்பாமல் ஸ்ராண்டில் ஏற்றுங்கள். சென்சரைக் கழற்ற 22 மில்லிமீற்றர் வெட்டுச் சொக்கற் வேண்டும். பிடிவாதமாக இருந்தால் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு இளஞ்சூட்டில் திருகுங்கள். அடித்துக் கழற்றினால் புரி போய்விடும். கொன்வேட்டரின் உடலில் அம்புக்குறி இருக்கும், அது காரின் பின்பக்கம் பார்க்க வேண்டும். காஸ்கெட் இரண்டும் புதிது. எல்லா நட்டையும் கையால் பூட்டிக் குழாய் நேராகத் தொங்குகிறதா என்று பார்த்த பிறகே இறுக்குங்கள். 10 மில்லிமீற்றர் போல்ட்டுக்கும் சென்சருக்கும் 40 நியூட்டன் மீற்றர் அளவு போதும். துருத்தடுப்புப் பசையைச் சென்சரின் புரிக்கு மட்டும் பூசுங்கள், நுனியில் படக்கூடாது. வெப்பத் தகட்டைத் திரும்பப் போட மறவாதீர்கள்.

முதல் தடவை ஸ்ராட் செய்ததும் பத்து நிமிடம் ஐடிலிலேயே விடுங்கள். கட்டியைச் சுற்றியுள்ள பாய் சூட்டில் விரிந்துதான் அதை இறுகப் பிடிக்கும். அதற்கு முன் உறுமவிட்டால் கட்டி ஆடி உடைந்துவிடும். கொஞ்சம் புகையும் நாற்றமும் வரும், பயம் வேண்டாம்.

நேர்க்குழாய் யோசனைக்கு வருவோம். உங்களுடையது கூரை திறக்கும் கார். ஓடும்போது பின்னாலிருந்து காற்றுச் சுழன்று இருக்கைப் பக்கம் வரும், புகையையும் கூட்டிக்கொண்டு. கொன்வேட்டர் இல்லாத குழாயிலிருந்து வருவதில் காபனோரொட்சைட்டு பல மடங்கு. நிலாவெளி வரை கூரையைத் திறந்துகொண்டு போக ஆசைப்பட்டு வாங்கிய காரில் தலையிடியோடு இறங்க வேண்டாம். ஓரிரண்டு குதிரைவலுவுக்கு இந்த விலை அதிகம்.

கேள்வி: என் ஸ்ராலெட் டேர்போவில் (1993) கொன்வேட்டரை மாற்றினால் பலன் உண்டா? டேர்போ காருக்கு வித்தியாசம் பெரிது என்கிறார்களே. – சீனன்குடா வாசகர்

பதில்: உண்டு, அவர்கள் சொல்வது சரி. டேர்போவின் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம்தான் அதைச் சுழற்றுகிறது. பின்னால் பாதை இலகுவானால் டேர்போ முந்தி எழும்பும், உச்சச் சுற்றிலும் மூச்சு இருக்கும். இங்கே 200 துளை உலோகக் கொன்வேட்டருக்கும் டேர்போவிலிருந்து இறங்கும் அகன்ற டவுன்பைப்புக்கும் செலவழிப்பதில் நியாயம் இருக்கிறது.

ஆபத்தும் அதே இடத்தில்தான். கூடுதல் வாயுவை டேர்போவைச் சுற்றி வெளியே விடும் வேஸ்ற்கேற்றின் வாய் சிறியதென்றால், பாதை இலகுவான பிறகு அது திணறும். பூஸ்ற், அதாவது டேர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம், தானாகவே ஏறிக்கொண்டு போகும். கொம்பியூட்டர் பெற்றோலை வெட்டினால் கார் முட்டி நிற்கும். வெட்டாவிட்டால் கலவை மெலிந்து பிஸ்ரன் போகும். எனவே பூஸ்ற் மானி இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம். மாற்றிய பின் ஹபரணை வீதியில் ஆளில்லாத நேரம் மூன்றாம் கியரில் படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். முன்பு நின்ற அளவைத் தாண்டி முள் ஊர்ந்தால் காலை எடுங்கள். வேஸ்ற்கேற் வாயை அரைத்துப் பெருப்பித்த பின்தான் மீண்டும் ஓட்டலாம். பெற்றோல் 95 ஒக்டேன் மட்டும். 92 அடித்துவிட்டு எஞ்சின் தட்டுகிறது என்று கொன்வேட்டரைக் குற்றம் சொல்லக் கூடாது.

கேள்வி: வீடு கடற்கரையை ஒட்டி. எக்ஸோஸ்ட் துருப்பிடித்துக்கொண்டே இருக்கிறது. ஸ்ரெயின்லெஸ் கொன்வேட்டர் என்று வாங்கியதும் செம்மஞ்சளாகிவிட்டது. ஏமாற்றிவிட்டார்களா? – நிலாவெளி வாசகர்

பதில்: ஏமாற்றாமலும் இருக்கலாம். கொன்வேட்டர் உடல் பெரும்பாலும் 409 வகை ஸ்ரெயின்லெஸ். காந்தம் ஒட்டும், உப்புக் காற்றில் மேலே செம்மஞ்சள் படியும், ஆனால் சாதாரண இரும்புபோல் சீக்கிரம் ஓட்டையாகாது. 304 வகையில் காந்தம் அனேகமாக ஒட்டாது, துருவும் மிகக் குறைவு. குழாய்களுக்கு 304 கேளுங்கள். 304ஐச் சாதாரண இரும்புக் குழாயோடு ஒட்டும்போது 309 வெல்டிங் கம்பி பாவிக்க வேண்டும். இரும்புக் கம்பியால் ஒட்டினால் அந்த ஒட்டுத்தான் முதலில் துருப்பிடித்துப் பிளக்கும். நட்டுகளைப் பித்தளையில் போடுங்கள், அடுத்த முறை கழற்றும்போது அருமை தெரியும்.

வாரம் ஒரு தடவை நல்ல தண்ணீரால் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள், கார் ஆறிய பிறகு மட்டும். கொதிக்கும் கொன்வேட்டரில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் பீங்கான் வெடிக்கும். மாரியில் வீதியில் தேங்கும் வெள்ளத்துக்குள் வேகமாக விடுவதும் அதே கேடுதான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காய்ந்த புல்லின்மேல் காரை நிறுத்தவே கூடாது, தீப்பற்றும். இன்னொன்று: வீட்டிலிருந்து கடை, கடையிலிருந்து வீடு என்று இரண்டு கிலோமீற்றர் ஓட்டத்தில் கொன்வேட்டர் வேலை செய்யத் தேவையான 250, 300 பாகைச் சூட்டைப் பிடித்து நிற்காது, சைலன்சரில் தண்ணீரும் வற்றாது. வாரம் ஒரு முறையாவது அரை மணி நேரம் நீட்டி ஓட்டுங்கள்.

கேள்வி: பழைய கொன்வேட்டருக்கு நல்ல விலை தருவதாகவும், இலவசமாகவே வெறும் குழாய் ஒட்டித் தருவதாகவும் ஒருவர் கேட்கிறார். கொடுக்கலாமா? – கிண்ணியா வாசகர்

பதில்: கொடுக்க வேண்டாம். இலவசம் என்று அவர் சொல்வது உள்ளேயிருக்கும் பிளாற்றினத்துக்கும் ரோடியத்துக்கும். ஜப்பானியக் காரின் அசல் கொன்வேட்டரில் இருக்கும் உலோகம் சந்தையில் கிடைக்கும் மலிவான புதியதில் இருக்காது. நாளை புகைப் பரிசோதனையில் காபனோரொட்சைட்டும் ஐதரோகாபனும் கூடுதலாகக் காட்டி, வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்க முடியாமல் நின்றால், அவர் தந்த பணத்தைவிடக் கூடுதலாகச் செலவழிக்க நேரும். வெளிப்பக்கம் அப்படியே இருக்க உள்ளே கட்டியை இடித்தெடுத்துவிடும் வேலையும் நடக்கிறது. சேர்விசுக்கு விட்டு எடுத்த கார் திடீரென்று நாறினால், சென்சர் துளையால் ரோர்ச் அடித்துப் பாருங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையது வாங்குவதென்றாலும் அதே சோதனைதான்: ஒரு வாயால் வெளிச்சம் அடித்து மறு வாயால் பார்க்க, துளைகள் சீராகத் தெரிய வேண்டும். உருகிய பளபளப்போ கரிய ஒயில் படிவோ இருந்தால் விட்டுவிட்டு வாருங்கள்.

கேள்வி: கொன்வேட்டரைக் கழற்றித் தின்னரில் ஊறவைத்தால் அடைப்புப் போகுமா? – உப்புவெளி வாசகர்

பதில்: போகாது. உருகிய பீங்கானையும் ஒயில் சாம்பலையும் தின்னர் கரைக்காது. உள்ளே தேங்கிய தின்னர் எஞ்சின் சூட்டில் தீப்பற்றவும் கூடும். வெறும் கரி என்றால், கலவையைச் சரிசெய்துவிட்டு ஒரு நீண்ட ஓட்டம் ஓடினாலே எரிந்துவிடும்.

கேள்வி: 1972 எம்.ஜி.பி. வைத்திருக்கிறேன், கபுரேற்றர் கார். கொன்வேட்டர் பூட்டினால் எஞ்சின் சீராகுமா? – தம்பலகாமம் வாசகர்

பதில்: ஆகாது, தேவையும் இல்லை. காபனோரொட்சைட்டு, ஐதரோகாபன், நைதரசன் ஒட்சைட்டு ஆகிய மூன்று வாயுவையும் ஒருசேரச் சுத்தமாக்கும் கொன்வேட்டருக்குக் காற்றும் பெற்றோலும் 14.7க்கு 1 என்ற அளவைச் சுற்றியே நிற்க வேண்டும். சென்சர் இல்லாத கபுரேற்றரால் அது முடியாது; கனத்த கலவையில் சில மாதத்தில் எரிந்துபோகும். அந்தப் பணத்தை இரண்டு கபுரேற்றரையும் சமப்படுத்தவும், ஊசியும் ஜெற்றும் மாற்றவும், டிஸ்ரிபியூட்டரைச் சரிசெய்யவும் போடுங்கள். உங்கள் எஞ்சினில் கவலைப்பட வேண்டியது வேறொன்று. இரும்பு ஹெட்டின் வால்வ் இருக்கைகள் ஈயப் பெற்றோலை நம்பிச் செய்யப்பட்டவை. 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை வால்வ் இடைவெளியை அளந்து எழுதி வையுங்கள். எக்ஸோஸ்ட் வால்வில் மட்டும் அது திரும்பத் திரும்பக் குறைந்துகொண்டு வந்தால் இருக்கை தேய்ந்து வால்வ் உள்ளே இறங்குகிறது. ஹெட்டைக் கழற்றிக் கடினப்படுத்திய வளையம் போட வேண்டிய வேளை அது.